ஆயர் ஜாத்தோ அல்ல, ஆயர் தெர்ஜுன்

சிங்கப்பூரின் மிக உயர்ந்த மலை, உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் பன்னிரண்டாம் மாடி. லிஃப்ட் பழுதான நாளில் ஏறியவன் சொல்கிறேன், இமயமலை அதற்குத் தம்பி. இப்படிப்பட்ட நாட்டில் அருவி வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை, நானும் என் மனைவி சரோஜாவும் ஜொகூர்மீது படையெடுத்தோம்.

கேட்டது அவள்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அறுவை சிகிச்சை. கால் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தைரியம்தான் தேறவில்லை. சமதரையில்கூட என் கையைப் பிடிக்காமல் நடக்கமாட்டாள். என் இடது முழங்கையில் பதிந்திருக்கும் விரல் தடங்களை வருங்காலத்தில் தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்து அளப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒருநாள், “அருவித் தண்ணியக் கையால தொட்டுப் பாக்கணும்ங்க” என்றாள். எட்டு மாதத்தில் அவளாக ஓர் இடத்துக்குப் போகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

காலை 5.40க்குப் புறப்பட்டோம். பாலத்தைக் கடக்க ஒரு மணி பத்து நிமிடம். வரிசையில் நின்ற நேரத்தில் என் தாடி இரண்டு அங்குலம் வளர்ந்தது. ஜொகூர் பாருவில் நாள் முழுக்க வாடகைக் கார், 300 ரிங்கிட். ஓட்டியவர் பாக் மான், என் வயதுள்ள மலாய்க்காரர்.

என் மலாய்ப் புலமை இரு நாடுகளிலும் பிரசித்தம். நாசி லெமாக் வாங்குவேன், தேசிய சேவையில் கற்ற அணிவகுப்புக் கட்டளைகளை இன்றும் முழங்குவேன். காரை அமர்த்தும்போது கோத்தா திங்கி என்று ஊர்ப்பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தேன். நாற்பது கிலோமீட்டர் தாண்டி ஊர் நெருங்கியபோது, நீர்வீழ்ச்சிக்கு மலாய்ச் சொல் தெரியாது என்று உறைத்தது. அஞ்சுவேனா? நீர் என்றால் ஆயர், வீழ்ச்சி என்றால் ஜாத்தோ. “ஆயர் ஜாத்தோ, ஆயர் ஜாத்தோ” என்று ராஜ கம்பீரமாக ஆணையிட்டேன்.

பாக் மான் உடனே காரை ஓரங்கட்டினார். ஒரு துணியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து, எங்கள் காலடியில் தேட ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டோம் என்று நினைத்துவிட்டார்! சரோஜா சிரித்த சிரிப்பில் கார் கண்ணாடி அதிர்ந்தது.

மலையைக் காட்டி, கையால் தண்ணீர் கொட்டுவதுபோல் நடித்தபிறகு அவருக்குப் புரிந்தது. அது ஆயர் தெர்ஜுன் என்றார். தன் கைப்பேசியை இருக்கையில் நழுவவிட்டு, இது ஜாத்தோ என்றார். பிறகு சாலையோரத் திட்டில் ஏறி, தொப்பை குலுங்கத் தொப்பென்று குதித்து, இது தெர்ஜுன் என்றார். தெரியாமல் விழுந்தால் ஜாத்தோ, வேண்டுமென்று குதித்தால் தெர்ஜுன். “தண்ணீர் விழவில்லை, அது குதிக்கிறது” என்று கைச்சைகையோடு விளக்கினார்.

அங்கிருந்து இன்னும் 18 கிலோமீட்டர். நாலாபக்கமும் காடு, நடுவே பள்ளத்தாக்கு, எதிர்ச் சரிவில் மூன்று வெள்ளைக் கோடுகள். பெரியது எப்போதும் இருக்குமாம். சிறியவை இரண்டும் மழைக்காலம் விட்டுப்போகிற விருந்தாளிகள், ஏப்ரலில் வெறும் பாறைதான் என்றார் வாசல் காவலாளி. நுழைவு ஆளுக்குப் பத்து ரிங்கிட்.

வாசலிலிருந்து 900 மீட்டர் சமதளப் பாதை. அதன் முடிவில் தண்ணீருக்கு இறங்கப் பதினான்கு கல்படிகள். கைப்பிடிக் கம்பி ஒன்பதாம் படியோடு சரி. முதல் படியைப் பார்த்ததும் சரோஜா நின்றுவிட்டாள். தூக்கிக்கொண்டு போகிறேன் என்று மார்தட்டினேன். “லிஃப்ட் இல்லாட்டி நம்ம வீட்டுக்கே ஏற மாட்டீங்க, சும்மா இருங்கலா.” சரி, மேலேயே உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். அவள் வெகுநேரம் அருவியையே பார்த்தாள்.

“அது விழலையாம்ங்க.”

“எது?”

“தண்ணி.” என் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். “நான் போயிட்டு வரேன். நீங்க பையப் பிடிங்க.”

பதினான்கு படிக்குப் பதினோரு நிமிடம். ஒன்பதாம் படியில் கம்பி முடிந்ததும் நின்றாள். என் இதயம் அடித்த சத்தம் இந்தோனேசியாவுக்கே கேட்டிருக்கும். திரும்பி என்னைக் கூப்பிடுவாள் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாரானேன். அவள் திரும்பவே இல்லை. வலது காலை வைத்தாள், பிறகு இடது கால். கடைசிப் படியில் குனிந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, “தெர்ஜுன்” என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்தான் பருவம். முந்தைய நாள் பெருமழை பெய்திருந்தால் போகாதீர்கள், வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. வழுக்காத காலணி, சில்லறை ரிங்கிட் அவசியம். வேலைநாளில் போய், மூன்று மணிக்குள் கிளம்பினால் பாலத்து வரிசையில் கிழவனாக மாட்டீர்கள். பயந்தவர்களை அழைத்துப் போனால் படியருகே வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு அதுதான் மலையேற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜா தேக்காவுக்கு மீன் வாங்கப் புறப்பட்டாள். வழக்கம்போல முழங்கையை நீட்டினேன். அதில் பையை மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.