எம்.பி. போய்ப் பார்த்த வீடு

நாங்கள் வந்து குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில், அக்காவின் தொகுதி மாநில எம்.பி.க்குப் பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு நாக்கு. இலங்கையிலிருந்து படகில் வந்து இங்கே தடுப்பு முகாமில் கிடக்கும் எங்கள் பொடியன்களைப் பற்றிக் கேட்டால், அது மத்திய அரசின் வேலை, மாநிலத்துக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரிப்பார். தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் மட்டும் எல்லைப் பாதுகாப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். போர்வீரர் நினைவுநாளில் சட்டையில் செம்பூ குத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். எங்கள் பொங்கல் விழாவுக்கு வந்து "வணக்கம்" என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கை வலிக்கத் தட்டுவோம். அவ்வளவு மலிவான சனம் நாங்கள்.

அக்கா அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். 2010 மாநிலத் தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, அவருக்கு எப்படி வாக்குப் போடுவது என்ற அட்டையைப் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணித்தாள். அவருடைய ஆட்களுக்கு வடையும் சுட்டுக் கொண்டுபோனாள். நான் கிண்டல் பண்ணினால் முறைப்பாள்.

"ஒரு வெள்ளைக்காரன் எங்கட பக்கம் கதைச்சாத்தான் அங்க ஆமிக்காரன் கேப்பான். உனக்கு உது விளங்காது, தம்பி."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் அவளுடைய சீதன வீடு. அந்த இடம் முழுவதையும் இராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று பிடித்து, இருபது வருடத்துக்கு மேலாக எங்களை உள்ளே விடவில்லை. போர் முடிந்த பிறகும் விடவில்லை. வீடு நிற்கிறதா, இடித்துவிட்டார்களா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

2012இல் எம்.பி. இலங்கை அரசின் விருந்தாளியாக யாழ்ப்பாணம் போகிறார் என்று தெரிந்ததும், அக்கா நகரத்தின் மறுகோடியில் வெரிபீயில் இருக்கும் என்னை வரச்சொல்லி அவருடைய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். எங்களை எப்போது உள்ளே விடுவார்கள் என்று அங்குள்ள இராணுவ அதிகாரிகளிடம் கேட்டால் போதும் என்றாள். நிச்சயமாகக் கேட்கிறேன் என்று அவர் தோளில் தட்டினார். திரும்பும் வழியெல்லாம் காரில் அழுதாள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போய் வந்தவர் மாநிலப் பாராளுமன்றத்தில் எழுந்து பேசினார். இராணுவம் வடக்கை நல்ல ஒழுங்காக வைத்திருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்றார். மத்திய அரசின் வேலை என்ற பேச்சே அன்று வரவில்லை. அதற்கும் அக்கா சமாதானம் சொன்னாள்.

"வெளியில அப்பிடித்தான் கதைப்பினம். அவங்களிட்டத் தனியக் கேட்டிருப்பார்."

அடுத்த பொங்கலுக்கு த பேசின் பகுதியிலுள்ள எங்கள் கோயிலில் அவரைப் பிடித்தோம். அக்கா வாய் திறக்க முதலே அவர் ஃபோனை எடுத்துப் பயணப் படங்களைக் காட்டத் தொடங்கினார். கடற்கரையில் இராணுவமே ஒரு ஹோட்டல் நடத்துகிறதாம். சிப்பாய்களே பரிமாறினார்களாம். நண்டுக் கறி அப்படியொரு ருசியாம். ஒரு படத்தில், அந்த ஹோட்டல் விறாந்தையில் கதிரை போட்டு ஓர் அதிகாரியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஃபோனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"தம்பி, இது என்ர விறாந்தை. இந்தத் தூணெல்லாம் எங்கட ஐயா பக்கத்தில நிண்டு கட்டுவிச்சது. அங்க பார், குசினி யன்னல்."

தூணும் சமையலறை யன்னலும் எனக்கும் அடையாளம் தெரிந்தன. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். இது அக்காவின் வீடு என்று நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டீர்களா என்றேன். அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றார். பிறகு முகம் மலர்ந்து, "இது உங்கள் வீடா? எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறார்கள்!" என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபோனைப் பிடுங்கி நிலத்தில் அடிக்கலாம் போலிருந்தது எனக்கு.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அங்க ஒரு நாள் தங்கிறதுக்கு எவ்வளவு எண்டு கேள்" என்றாள்.

கேட்டேன். அவருக்கு உதவி செய்யக் கிடைத்த சந்தோஷம். விலையைச் சொன்னார். முன்கூட்டியே பதிவு செய்தால் கடல் பக்கத்து அறை கிடைக்குமாம். இலங்கையில் பிறந்தவர்களுக்கு விலைக்கழிவும் உண்டாம்.