பெயர் சொல்லி நிறுத்துவது

தென்யுவா ஏரிக்கரை ஊரான ஜிஞ்ஜாவில் வாடகை பைக் ஓட்டுகிறவன். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை யார் யாரையோ ஏற்றி இறக்கித் திரிந்தாலும், அவனை ஓய்த்துப் போட்டது அந்த வேலை இல்லை. அவன் மகள் நமுகோசே. ஒன்பது வயதாகியும் பேச்சு வரவில்லை. ஓட்டம் மட்டும் நன்றாக வந்தது. கதவு திறந்தால் ஓடுவாள். சந்தையில் பிடி நழுவினால் ஓடுவாள். பின்னால் எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒருமுறை கரும்பு லாரி ஒன்று அவள் சட்டையை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து தென்யுவாவின் மனைவி முதேசி, மகளின் மணிக்கட்டைத் தன் இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டுதான் தக்காளி விற்றாள்.

தேவாலயத்தின் பின்கட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. அங்கே அசெகெனே டீச்சர் ஒரு மழைக்காலம் முழுவதும் பாடுபட்டு நமுகோசேவுக்கு ஒரே ஒரு காரியம் கற்றுக்கொடுத்தார். 'நில்' என்றால் நிற்க வேண்டும். நின்றால் உடனே வாயில் வறுத்த கடலை.

பெற்றோரை வரச்சொல்லி மைதானத்தில் செய்து காட்டினார். ஓடிக்கொண்டிருந்தவள் டீச்சரின் ஒரு சொல்லில் அப்படியே நின்றாள். தென்யுவா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலையே வீட்டு வாசலில் அவள் ஓடினாள். "நில்லு!" என்று கத்தினான். அவள் நிற்கவில்லை. செருப்பில்லாமல் துரத்திப்போய்ச் சாக்கடை ஓரத்தில் பிடித்தான்.

"டீச்சர், உங்க முன்னாடி நிக்கறா, எங்களை ஏச்சுட்டு ஓடறா" என்றான் மறுநாள்.

"ஏய்க்கல, ஐயா. அவளுக்கு 'நில்'னா என் குரல், இந்த மைதானம், என் கைக் கடலை. எல்லாம் சேர்ந்தாத்தான் அந்தச் சொல்லு. இதே சொல்லை நீங்க வாசல்ல சொன்னா அது அவளுக்குப் புதுசு."

"அப்போ முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்துதான். நீங்க சொல்லணும், அம்மா சொல்லணும், அக்கம்பக்கத்துல சொல்லணும். வாசல்ல, சந்தையில, ரோட்டோரத்துல."

"அப்புறம் நான் எப்போ சவாரி போறது?"

டீச்சர் கடலைப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தார். அவர் கண்ணிலும் தூக்கம் தேங்கியிருந்தது.

தொடங்கினார்கள். காலையில் முதேசி வாசலில். மாலையில் தென்யுவா கிணற்றடியில். பைக் நிறுத்தத்துக்கும் மகளைக் கூட்டிப்போய், கூட ஓட்டும் ஆட்களின் கையில் ஆளுக்கொரு பிடி கடலை கொடுத்தான். அவர்களில் மூத்தவர் பலிதாவா.

"ஏம்பா, நான் சொன்னா என் பொண்டாட்டியும்தான் நிக்க மாட்டேங்கறா. அவளுக்கும் கடலை குடுத்துப் பாக்கவா?" என்றார் அவர்.

"அண்ணே, உங்ககிட்ட குடுத்த கடலை எங்க?"

"வாய்க்குள்ள போயிடுச்சு. நானும்தானே நின்னேன்!"

சிரிப்பு ஒரு நாளுக்குத்தான் வந்தது. மற்ற நாளெல்லாம் அதே சொல், அதே ஓட்டம், அதே துரத்தல். கொஞ்சம் பழகியதும், ஒவ்வொரு முறையும் கடலை தரக்கூடாது என்றார் டீச்சர். சில நேரம் கடலை, சில நேரம் கைத்தட்டல், சில நேரம் ஒன்றுமே இல்லை. எதுவும் கிடைக்காத நாளில் நமுகோசே மண்ணில் புரண்டு அழுதாள். நடுவில் மலேரியா வந்து படுத்து எழுந்தபோது பாதி மறந்திருந்தாள்.

"நமுகோசே அப்பா, எனக்கு வாயே வலிக்குது. கனவுல கூட நில்லு நில்லுன்னுதான் சொல்றேன்" என்றாள் முதேசி.

ஆனாலும் அடுத்த மழைக்குள் யார் சொன்னாலும் எங்கே சொன்னாலும் அவள் நின்றாள். முதேசி இடுப்புத் துணியை அவிழ்த்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் இறங்கவேண்டிய பயணி யாரோ, தன் பைக்காரனைப் பார்த்து, "நில்லு! நில்லு!" என்று கத்தினான். நமுகோசே நடுச்சாலையில் சட்டென்று நின்றாள். முதேசி இழுத்தும் அவள் நகரவில்லை. நன்றாகச் செய்துவிட்ட முகத்தோடு, கொடு என்பதுபோல் கையை நீட்டினாள். பயணிகளை அடைத்துக்கொண்டு ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அந்த வழியே வந்த பலிதாவாதான் பார்த்து, தன் பைக்கைக் குறுக்கே விட்டார். வேன் கிறீச்சிட்டு நின்றது. பைக்கின் முன்விளக்கு நொறுங்கியது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

"நாமதான் கத்துக்குடுத்தோம்" என்றாள் முதேசி, வீட்டுக்கு வந்தபிறகு.  தென்யுவா போஷோ என்னும் சோளமாவுக் களியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

மறுநாள் டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னான்.

"நல்லாவே கத்துக்கிட்டா. தேவைக்கு மேலயே. இனிமே பேரோட சேத்துச் சொல்லணும். 'நமுகோசே, நில்'னா நிக்கணும். வெறும் 'நில்'னா நடந்துக்கிட்டே இருக்கணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான், ஐயா."

அவனுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. பைக் நிறுத்தத்தில் ஆட்கள் நாளெல்லாம் ஒருவரையொருவர் பார்த்து "நில்லு" என்று கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே தென்யுவா மகளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போவான். போகிற வருகிற சவாரிகள் குழம்பி நின்றார்கள். நமுகோசே மட்டும் மெல்ல மெல்ல நிற்காமல் நடக்கப் பழகினாள்.

அதன்பின் வந்த இரண்டாவது பள்ளி விடுமுறையின்போது, ஏரிக்கரை மீன் சந்தைக்குள் அவள் கை நழுவி ஓடினாள். துரத்திப்போன தென்யுவாவுக்கு மூச்சு வாங்கியது; குரல் எழும்பவில்லை.

"அந்தப் பொண்ணு பேரென்ன?" என்று கேட்டாள் மீன்காரி ஒருத்தி.

"நமுகோசே... நில்லுன்னு..."

"நமுகோசே! நில்லு!"

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நமுகோசே நின்றாள். அந்தக் குரலை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை. தென்யுவா அருகில் போய் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மறுபடி ஓடுவாளா?" மீன்காரி கேட்டாள்.

"ஓடுவா."

"நிப்பாளா?"

"சில நேரம் நிப்பாம்மா. சொல்லிக்கிட்டே இருக்கணும்."

பிறகு எழுந்து வேட்டைக்குத் தப்பிய பறவையைப் பிடிப்பதுபோல் மகளின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, பைக்கை விட்ட இடத்துக்கு நடந்தான்.