குப்பம்மாவைக் கொஞ்சக் கூடாத வீடு

காஞ்சிபுரம் போகிறவர்கள் புடவைக்கும் கோயிலுக்கும் வழி கேட்பார்கள். அங்கே ஒரு குழந்தையைப் பார்த்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. நான் போனது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புப் புடவை வேண்டும். முதல் மகன் பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். இதுவாவது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை.

பாரிமுனையில் காலை ஆறு பத்துக்குப் பஸ். நாற்பத்தைந்து மைல்; எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சின்ன காஞ்சிபுரத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா எழுபத்தைந்து காசு.

“கோயிலுக்கா, பொடவைக்கா சார்?”

“புடவைக்கு.”

“அப்ப அவசரமில்ல. பொடவைக்கு நட சாத்த மாட்டாங்கபா.”

ரிக்‌ஷாக்காரர் ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். நெசவாளர் புடவை எடுத்துவர உள்ளே போனார். தறியடியிலிருந்து ஒரு பெண் குழந்தை தவழ்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்தது. “அடி என் தங்கமே!” என்று தூக்கிவிட்டேன். மகனையும் தங்கம் என்றுதான் கூப்பிடுவோம்.

நெசவாளரின் மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

“ஐயோ, அப்படிக் கூப்பிடாதீங்கண்ணா! இவளுக்கு முன்னால ரெண்டு போயிடுச்சு. இவ பொறந்ததும் குப்பையில போட்டோம். பக்கத்து வூட்டு அக்கா எடுத்துக்கினு போச்சு. அதுங்கிட்ட ஒரு படி தவுடு குடுத்து வாங்கினோம். இவ பேரு குப்பம்மா. தவுட்டுக்கு வாங்கினத யமன் திரும்பிப் பாக்க மாட்டான். ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போங்க.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிரிக்கத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. “சீ, அழுக்குக் குப்பையே, போ அந்தப் பக்கம்!” என்றேன். குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அதற்குப் பிறகுதான் அவள் எனக்கு மோர் கொடுத்தாள்.

அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். பங்குனிக் கடைசியில் மகள் பிறந்தாள். மறுநாள் எதிர்வீட்டுக்காரி குழந்தையைக் குப்பையிலிருந்து எடுத்துப்போக வந்து நின்றாள்; அவளுக்குக் கொடுக்க ஒரு படி தவிடும் தயாராக இருந்தது. மனைவிதான் சொல்லி வைத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை.

நீங்கள் போனால் பன்னிரண்டுக்குள் கோயிலை முடித்துவிடுங்கள். எந்த வீட்டிலும் குழந்தையின் பெயரை முதலில் கேளுங்கள். குப்பு, பிச்சை என்றால் கொஞ்ச வேண்டாம்.

நம்பிக்கை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். மகளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு நாள்கூட அவளைத் தங்கம் என்று நான் கூப்பிட்டதில்லை.