நெஞ்சுக்குப் புறப்பட்ட ஊசி

உடம்புக்குள் நுழைந்த ஊசி இரத்தத்தோடு ஓடி நெஞ்சில் குத்தினால் ஆள் முடிந்தான் என்று சின்ன வயதில் முழுமனதாக நம்பியவன் நான். இன்று தேவாலயத்தில் அணைந்த மெழுகுதிரியின் மணம் மூக்கில் ஏறியதும், செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரையில் இப்போது அடையாளமே இல்லாத எங்கள் ஓலை வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே உப்புக் காற்றில் ஊசி ஒரே கிழமையில் கறள் பிடிக்கும், பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறு ஊசியும் கிடைக்காது என்பதால், அம்மா தைத்து முடித்ததும் ஊசிகளை ஒரு மெழுகுதிரித் துண்டில் குத்தி, விரலால் தடவிப் பார்த்துத்தான் எழும்புவார். ஒருநாள் அப்படித் தடவியபோது ஓர் ஊசி குறைந்தது. அதே நேரம், பாயில் இருந்த என் பின்பக்கத்தில் சுருக்கென்றது.

"ஆடாதை. நீ நடந்தா அதுவும் நடக்கும்," என்றாள் அக்கா.

நான் குப்புற விழுந்து மரமாகக் கிடந்தேன். மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டேன்.

"இப்ப எங்க நிக்குதடா?"

"இடுப்பைத் தாண்டிட்டுது அக்கா."

அம்மா சிரிக்கவில்லை. பழுதான வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்து என் முதுகெங்கும் மெல்ல இழுத்தார். அது போன பக்கமெல்லாம் ஊசி உள்ளே திரும்புவதை நான் சத்தியமாக உணர்ந்தேன்.

"அம்மா, கழுத்தடிக்கு வந்திட்டுது!"

அவர் என்னை உருட்டிவிட்டு, பாயைத் தூக்கி, மணல் தரையில் காந்தத்தை இழுத்தார். ஊசி முழுதாக வந்து ஒட்டியது. என்னைக் குத்தியது பாயின் ஈர்க்கு.