முப்பத்து மூன்றரை அடி

"டேப்பை நன்னா இழுத்துப் பிடி தேவானை. தொய்யப்படாது" என்பார் ஸ்ரீனிவாசராகவன் மாமா, எதிர்வீட்டுச் சுவரோரம் குந்தியபடி. தெருவின் இந்தப் பக்கம், தன் இஸ்திரிக் கடையில் நின்றவாறே தேவானை மறுமுனையை மேசைக் காலோடு சேர்த்துப் பிடிப்பாள். நடுவில் பால்காரர் சைக்கிளோடு காத்திருப்பார். மணி காலை ஆறேகால். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டேப்பை முகர்ந்து பார்ப்பவர்போலக் குனிந்து படித்து, நோட்டில் எழுதுவார்: முப்பத்து மூன்றரை அடி. முந்தின நாளும் அதேதான். ராத்திரியில் தெரு வளர்ந்துவிடுமோ என்று அவருக்கு ஒரு பயம்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் பதினாலாம் நம்பர் வீடு அவருடையது. கேபிள் புதைக்க ரோடு ரோடாக அளந்தே டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர். காபியைக்கூட மருமகள் விஜயலக்ஷ்மியிடம் அளவு சொல்லித்தான் கேட்பார்: "முக்கா டம்ளர், மேல அரை இஞ்சு நுரை." தெருப் பையன்கள் நாங்கள் வைத்த பெயர் அங்குலம் மாமா. எங்கள் கிரிக்கெட் பிட்ச்சை அளந்து இரண்டடி குறைச்சல் என்று அவர் சொன்ன அன்றோடு எங்கள் வேகப்பந்து வீச்சாளனின் புகழ் போயிற்று.

அதற்குப் பழிவாங்க ஒருநாள் தேவானைக்குப் பதில் நாங்கள் டேப்பைப் பிடித்தோம், ஒரு அடி தள்ளி. அவர் மூன்று தடவை அளந்தார். மத்தியானம் கண் டாக்டரைப் பார்க்க மயிலாப்பூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் நாங்கள் அந்த டேப்பைத் தொடவில்லை.

இந்த அளப்பெல்லாம் தெருக்கோடி பங்களாவுக்காக. அதை வாங்கிய ஜவுளிக்காரர் இடித்துவிட்டு ஐந்து மாடிக் கடை கட்டப்போகிறார். வீடுகள் உள்ள பகுதியைக் கடைப் பகுதியாக மாற்ற வேண்டும், விதியையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாளில் எழுதலாம் என்று பேப்பரில் பொடி எழுத்தில் வந்தது. அவ்வளவு பெரிய கடைக்கு நாற்பதடி ரோடு வேண்டும் என்று மாமா எங்கேயோ படித்து அடிக்கோடிட்டு வைத்திருந்தார். "ஆறரை அடி இடிக்கறதோன்னோ, எப்படிக் குடுப்பான்?"

தேவானைக்கு அவரைவிட அவசரம். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வருகிறவள். மாமா வீட்டு மதில்மேல் சாய்த்த தகரக் கூரைதான் பதினெட்டு வருஷமாக அவள் கடை. "அவ்ளோ பெரிய கடை வந்தா காரு நிறுத்த எடம் வோணும்னு என்னியத்தான் மொதல்ல தூக்குவானுங்க ஐயிரே. நீ நல்லா அழுத்தி எழுது." அவர் ஐயங்கார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டார்.

அழுத்தித்தான் எழுதினார். எங்கிருந்து எதுவரை என்று சொல்லாத அளவு அளவே இல்லை என்பது அவர் இலாகா பழக்கம். பெட்டியில் கங்கு இருக்கும்போது தேவானை கடையை விட்டு நகரமாட்டாள் என்பதால், டேப் எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே ஆட்சேபணையில், 'தேவானை என்பவரின் இஸ்திரிக் கடை மேசைக் கால் முதல் எதிர்ச்சுவர் வரை' என்று மணிமணியாக எழுதி, கையெழுத்தும் போட்டார்.

போன வாரம் ஜீப்பில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். நல்ல மனிதர்தான். மோர் கொடுத்தால் வாங்கிக் குடித்தார். டேப் போட்டார். முப்பத்து மூன்றரை.

"சார், உங்க அளவு ஒரு இஞ்சுகூடத் தப்பல" என்றார். மாமா எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அதிகாரி அப்புறம் பழைய மேப்பை ஜீப் மூக்கில் விரித்தார். அதில் எங்கள் தெரு நாற்பதடி. "மீதி ஆறரை அடி இங்கதான் சார் நிக்குது. இந்தக் கடையும் உங்க வீட்டுப் படியும். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. இதை எடுத்துட்டா, ரோடு விஷயத்துல ஜவுளிக்காரருக்குத் தளர்வே வேண்டாம்." மேசைக் காலிலும் படியிலும் சிவப்புப் பெயிண்டில் ஒவ்வொரு பெருக்கல் குறி. பதினைந்து நாள் கெடு.

மாமா மறுநாளே ஆட்சேபணையை வாபஸ் வாங்க எழுதிக்கொண்டு ஓடினார். ஆபீஸில் அதையும் முத்திரை குத்தி வாங்கி, பழைய ஆட்சேபணைக்கு மேலேயே கோத்துவிட்டார்களாம்.

தேவானை சத்தம் போட்டிருந்தால் அவருக்குத் தேவலை. அவள் போடவில்லை. "நீ இன்னா பண்ணுவ ஐயிரே, கீறதத்தான எழுதுன" என்று சொல்லிவிட்டு, நந்தனம் பக்கம் இடம் பார்க்கப் போனாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் தேய்க்கிறார்கள். துரத்திவிட்டார்கள்.

இப்போது காலையில் தெருவில் டேப் கிடையாது. பால்காரர் நிற்காமல் போகிறார்.

நேற்று மத்தியானம் தேவானை வீடுகளுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தபோது, மாமா ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் கிழிந்த பனியனுமாக வந்து, கடையடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மேசைக் காலிலிருந்த குறியைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"வுடு ஐயிரே. இன்னொரு தபா வந்து போட்டுக்கினு போவான்."

அவர் பனியனை மடித்து, சுத்தமான பக்கத்தை மண்ணெண்ணெயில் தோய்த்தார். கிண்ணத்தைப் பக்கத்திலேயே தன் வீட்டுப் படியில், அங்கே இருந்த சிவப்புக் குறியின் மேலேயே வைத்துக்கொண்டு, மேசைக் காலை மறுபடி தேய்த்தார்.