முதல் மேசைக்கு ஒரு போர்ட்

பிலிமத்தலாவைத் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே தலை நரைத்துப்போன கிருஷ்ணராஜுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: கண்டி செஸ் போட்டியில் ஒரு தடவையாவது முதல் மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெல்கிறவர்கள் சுற்றுக்குச் சுற்று முன்னே நகர, இவர் மட்டும் வாசற்கதவை ஒட்டிய மேசையிலேயே வேரூன்றிப்போனார். ஆட்டத்தில் குறையா? ஐயோ, இல்லவே இல்லை. "போர்டு சரியில்ல லோஜி" என்று வருடா வருடம் மனைவியிடம் சொல்லிவிடுவார். போட்டிக்கு அவர் கொண்டுபோகிற கீல் கழன்ற மடக்குப் பலகையில் குதிரை ஆடினால் மனுசன் எப்படி யோசிப்பது?

இந்த வருடம் றவூப் நானாவின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், சுருட்டுகிற போர்டுகள் அத்தனையையும் இறக்கச் சொன்னார். கசக்கினார், இழுத்தார், மோந்தும் பார்த்தார். ஒன்று வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. இன்னொன்றை விரித்தால் ஓரம் எழும்பியது. சேலைகளையெல்லாம் புரட்டிவிட்டு வேறு கேட்கும் பெண்களைக் கரித்துக்கொட்டுகிற அதே வாயால், "வேற இல்லையா நானா?" என்றார்.

"தம்பி, கலியாணத்துக்கா எடுக்கிறீங்க?" என்றார் றவூப்.

கடைசியில் பச்சையும் வெள்ளையுமாக ஒன்று கிடைத்தது. ரப்பர் போல மெத்தென்றிருந்தது; விரித்ததும் மேசையோடு ஒட்டிப் படுத்தது.

போட்டியன்று நடுவர் நிரஞ்சலா அதைத் தடவிப் பார்த்தார். "ஐயா, நல்ல வடிவாக் கிடக்கு. முதல் மேசைக்குத் தாறியளே? அங்கதான் படம் எடுப்பினம்."

கிருஷ்ணராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமா எடுத்துக்கங்க மிஸ்."

அன்று அதிசயமாக வென்று வென்று இரண்டாம் மேசைவரை வந்துவிட்டார். இதையும் வென்றால் கடைசிச் சுற்று முதல் மேசையில்தான். இங்கே விரித்திருந்ததோ றவூப் கடையில் அவர் கழித்துப்போட்ட, ஓரம் எழும்பும் ரகம். முழங்கையால் அதை அழுத்திக்கொண்டே பேராதனை மாணவன் ஸிபானின் ராணியைப் பறித்தார். அந்தத் தெம்பில், பக்கத்து மேசையில் தன் போர்ட் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை நீட்டினார். முழங்கை விலகியது, ஓரம் எழும்பியது, அவருடைய ராஜா உருண்டு விழுந்தது.

ராஜாவைச் சாய்த்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஸிபான் ஆச்சரியத்தோடு கை நீட்டினான். "தேங்க்ஸ் அங்கிள்!" நீட்டிய கையை மறுத்துப் பழகாத துணிக்கடைக்காரர், சிரித்தபடி குலுக்கிவிட்டார். அப்புறம்தான் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது உறைத்தது. நிரஞ்சலாவிடம் ஓடினார்.

"கை குடுத்திட்டியளே ஐயா, இனி நான் என்ன செய்யிறது?"

வீட்டில் லோஜினி போனில் வந்த படத்தைக் காட்டினாள். முதல் மேசை, வெற்றிக்கிண்ணம், பச்சை வெள்ளைப் போர்ட். அவரைத் தவிர எல்லாம் இருந்தது.

"நான் வெளையாடின போர்டு சரியில்ல லோஜி."

"இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியும் போர்டுதானா குத்தம்?" என்று சிரித்தாள்.

இத்தனை வருடத்தில் அவர் உண்மை சொன்னது அன்று ஒருநாள்தான்.