ஜில்லென்று இருக்கவேண்டிய இன்ஜின்

நேற்று திருப்பதியில், காரை விட்டிருந்த ஒர்க்ஷாப்புக்குப் போனேன். இன்ஜினின் தலைப்பாகம் கசியாமலிருக்க அதன் அடியில் வைக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், அதை மாற்றியிருந்தார்கள். ஏதோ விஷயம் தெரிந்தவன் மாதிரி, "ஹெட் போல்ட்டு திரும்ப டைட் பண்ண எப்ப கொண்டாரட்டும்?" என்று கேட்டேன். கண்ணாடி அறைக்குள் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "அதெல்லாம் பழைய வண்டிக்கு சார். இதுக்கு ஒரு தபா டைட் பண்ணா அவ்ளோதான்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெளியே எந்த வண்டியிலோ ரேடியேட்டர் கொதித்த நாற்றம். துருவும் டீசலும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறினால் போதும், நைனாவின் கார் கண்முன் வந்து நின்றுவிடும். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் வைத்திருந்த மனிதர், சித்தூரில் யாரோ ரிட்டயர்ட் ஆபீசரிடம் வாங்கிவந்த பழைய டீசல் கார் அது. ஸ்டார்ட் ஆனால் தெருவே எழுந்துகொள்ளும். ஆனால், எங்கள் ஊருக்குள் முதலில் வந்த கார் அதுதான்.

ஒருநாள் அது நடுரோட்டில் கொதித்துக் கேஸ்கெட்டை ஊதி உடைத்துவிட்டது. புத்தூரில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் முனிரத்தினம் ஹெட்டைத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார். "ஐநூறு கிலோமீட்டர் ஓட்டினு வாங்க. போல்ட்டெல்லாம் இன்னொரு தபா முறுக்கணும். வண்டி ஜில்லுனு இருக்கும்போதுதான் முறுக்கணும். வுட்டுட்டீங்கன்னா திரும்ப ஊதிக்கும். இந்த ஹெட்ட இனிமே தேய்க்க முடியாது, காயலாங்கடைதான்" என்றார்.

ஜில்லென்று இருக்கவேண்டும், சரி. ஆனால், ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டுதானே போகவேண்டும்? போய்ச் சேரும்போது இன்ஜின் கொதிக்கும். முனிரத்தினம் மேல்மூடியில் விரலை வைத்துவிட்டு உதறிக்கொள்வார். "ராத்திரி இங்கியே வுட்டுட்டுப் போங்கண்ணா." நைனா ஒப்புக்கொள்ளாமல் என் பக்கம் திரும்புவார். "ரோட்டோரத்துல என் வண்டிய வுட்டுட்டு நான் எப்டிடா தூங்கறது?" இப்படியே இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஐநூறு எழுநூறாகி, எண்ணூறையும் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஏர்பேடு பக்கம் வேலை கிடைத்திருந்தது; திரும்ப ஊதினால் செலவு என் தலையில்தான். தினமும் மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருந்தது நான்தான். கடைசியில் நானே முனிரத்தினத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரை எங்கள் வீட்டுக்கே வரச்சொன்னேன். வண்டி ராத்திரி முழுக்க வாசலில் ஆறிக்கிடக்கும். இதைவிட நல்ல யோசனை உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், காரைக் காணோம்.

சற்று நேரத்தில் புகையும் சத்தமுமாக வந்து நின்றது. டிரைவர் சீட்டில் நைனா, வெள்ளை வேட்டி சட்டையில். பக்கத்தில் மடியில் டூல் பெட்டியோடு முனிரத்தினம், பேயறைந்தவர் போல. மெயின்ரோட்டிலிருந்து எங்கள் ஊர் நாலு கிலோமீட்டர் உள்ளே. வந்த மனிதரை நடக்கவிடக் கூடாதென்று நைனா அழைத்துவரப் போயிருக்கிறார். பஸ் லேட். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில், அது வரும்வரை இன்ஜினை ஓடவிட்டபடியே நின்றிருக்கிறார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. அம்மா, எதிர்வீட்டுக்காரர்கள், முனிரத்தினம், எல்லோர் எதிரிலும் கத்தினேன். "நைனா, உனுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு கீதா? வண்டிய எடுக்கக் கூடாதுன்னுதான ஆளயே வரவச்சேன்! இன்னாத்துக்கு உனுக்கெல்லாம் காரு?"

நைனா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பெட்டியத் தூக்கினு நடந்து வருவாரேன்னு..." என்றார், யாரையும் பார்க்காமல்.

"பர்வாலேதுண்ணா, ஒண்ணுமில்ல, ஆறட்டும். இருந்து முடிச்சிட்டே போறேன்" என்றார் முனிரத்தினம். மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டார். சாயங்காலம் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் தளர்த்தி, ரெஞ்சு 'டக்' என்று சொல்லும்வரை முறுக்கினார். நைனா எப்போதும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பவர். அன்று தோப்புக்குப் போனவர் வரவே இல்லை. முனிரத்தினத்தை நான்தான் காரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். காரிலிருந்து இறங்கும்போது, "எத்தினி வூட்டுக்குப் போய்க்கினு கீறேன். காரு எடுத்துக்கினு வந்து என்னை யாரும் கூட்டினு போனதில்லப்பா" என்றார். 

அதன்பிறகு எட்டு வருடம் அந்தக் கேஸ்கெட் ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆனால், அன்றிலிருந்து நைனா சாவியைத் தொடுமுன் என்னிடம் வந்து நிற்பார். நான் வேலையில் இருந்தால் போன் போடுவார். "எடுக்கட்டுமாப்பா?"

அவர் வியர்வையில் வாங்கிய வண்டி. எடுக்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார். "ம், தண்ணி பாத்துட்டு எடு" என்று நானும் பெரிய மனிதன் போலச் சொல்லிவந்தேன். 'உன் வண்டி நைனா, என்னை எதுக்குக் கேக்கிறே' என்று ஒருநாள், ஒரே ஒருநாள் சொல்லியிருக்கலாம். வண்டி போய்விட்டது, நைனாவும் போய்விட்டார். அந்த எட்டு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.